சிப்பியை அரைத்துக் கலந்தால் முத்து மினுப்பு வருமா?

ஆகஸ்ட் 9, கேள்வி

"அக்கா, ராமேஸ்வரத்தில் வாங்கிய சிப்பி ஒரு பை நிறையக் கிடக்கிறது. உள்பக்கம் அப்படியே முத்து மாதிரி மின்னுகிறது. இதை மைய அரைத்து வார்னிஷில் கலந்து கொலு பொம்மைக்கு அடித்தால் அசல் முத்து ஃபினிஷ் வரும்தானே? கடையில் விற்கிற பேர்ல் பவுடர் எல்லாம் கெமிக்கல் என்கிறார்கள்."

ஆகஸ்ட் 9, இரவு

வராது. சாக் பவுடர்தான் வரும்.

நான் அரைத்துப் பார்த்திருக்கிறேன். ரவை பதத்தில் இருக்கும்வரை அங்கங்கே மின்னும் துணுக்கு தெரியும். மாவு பதத்துக்கு வந்ததும் மினுப்பு போய் வெள்ளை மட்டும் நிற்கும். வார்னிஷில் போட்டால் அந்த வெள்ளையும் போய்விடும். கழுநீர் நிறத்தில் ஒரு பூச்சுதான் மிச்சம்.

முத்தும் சிப்பியின் உள்பூச்சும் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு, கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் எல்லாம் அதே சரக்கு. மீதி கொஞ்சம் புரதம், கொஞ்சம் நீர். சிப்பி செய்கிற வித்தை என்னவென்றால், அந்தச் சரக்கை அரகோனைட் என்கிற படிகமாக்கி, ஏறக்குறைய அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் தகடு தகடாக அடுக்குகிறது. தகடுகளுக்கு நடுவில் மெல்லிய புரதப் பசை. கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். தகட்டின் கனமும் அதே அளவில் இருப்பதால், ஒவ்வொரு தகட்டிலிருந்தும் திரும்பி வரும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தைத் தூக்கிக் காட்டும், இன்னொன்றை அமுக்கும். சாய்த்துப் பார்த்தால் நிறம் நகர்வது அதனால்தான்.

நீங்கள் அரைப்பது அந்த அடுக்கை. சரக்கு அப்படியே இருக்கும், மினுப்பு மட்டும் போய்விடும்.

"கெமிக்கல்" பற்றி அப்புறம் சொல்கிறேன். முத்தும் கெமிக்கல்தான்.

ஆகஸ்ட் 10, காலை

வார்னிஷில் போட்டதும் வெள்ளை எங்கே போனது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஈரக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது தெரிந்த விஷயம். அரிசிமாவைக் கரைத்துக் கோடு இழுக்கும்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, காய்ந்தபின் பளிச்சென்று வெளுக்கும். மாவு மாறவில்லை. துகள்களுக்கு நடுவிலிருந்த தண்ணீர் போய்க் காற்று வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கு ஒளிவிலகல் எண்ணில் இருக்கிறது, ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்கிற எண் அது. காற்று 1, தண்ணீர் 1.33, வார்னிஷும் அக்ரிலிக்கும் 1.5 சொச்சம், அரகோனைட் 1.53 முதல் 1.68. துகளுக்கும் அதைச் சுற்றியுள்ளதற்கும் இந்த எண்ணில் வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் ஒளி திரும்பும். காற்றில் கிடக்கும் சிப்பிப் பொடி வெள்ளையாகத் தெரியும், வார்னிஷில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கோலத்திலாவது தண்ணீர் ஆவியாகும். வார்னிஷ் எங்கேயும் போகாது.

இந்த எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: மைக்கா 1.6, மீன் செதிலில் இருக்கும் குவானின் 1.8 சொச்சம், பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு 2.15, டைட்டானியம் டை ஆக்சைடு 2.5க்கு மேல்.

ஆகஸ்ட் 10, மதியம்

"அப்படியானால் சிப்பிக்குள்ளும் வித்தியாசம் குறைவுதானே, அது மட்டும் எப்படி மின்னுகிறது?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. ஒரு தகட்டுக்கும் பசைக்கும் நடுவில் திரும்புகிற ஒளி மிகக் குறைவுதான். ஆனால் சிப்பி நூற்றுக்கணக்கான அடுக்கு வைத்திருக்கிறது, ஒரே கனத்தில். சில்லறை சேர்ந்து ரூபாய் ஆகிறது. நாம் தூரிகையால் நூறு அடுக்கு வைக்க முடியாது. அதனால்தான் ஒரே அடுக்கில் நிறைய ஒளியைத் திருப்புகிற பொருள் தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் 11

சங்கு ஏன் மின்னவில்லை என்று கேட்டவருக்கு: பூஜை அறைச் சங்கும் அரகோனைட்தான். முத்துச்சிப்பியில் இருக்கிற அதே கனிமம். ஆனால் அதில் தகடுகள் மட்டமாகப் படுக்கவில்லை. மெல்லிய குச்சிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுகிற அமைப்பு. விரிசல் எளிதில் ஓடாது, அறுத்து வளையல் செய்யலாம், தேய்த்தால் பீங்கான் மாதிரி வழவழப்பு வரும். முத்து மினுப்பு மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் வராது.

சங்கு சுட்டாலும் வெண்மை தரும் என்பார்கள். முத்தைச் சுட்டாலும் அதே வெண்மைதான் தரும், வேறொன்றும் தராது.

ஆகஸ்ட் 12

வினிகரில் ஊறவைத்தால் சிப்பி இன்னும் பளபளக்குமாம், யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் சொரசொரப்பான பழுப்புத் தோலை நீக்க அமிலத்தில் முக்கி எடுப்பது உண்டு, கடற்கரைக் கடைகளில் வழவழவென்று விற்பதில் பாதி அப்படி வந்ததுதான். ஆனால் உள்பூச்சு வரை அமிலம் போனால் அதுவும் நுரைத்துக் கரையும். கால்சியம் கார்பனேட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்தால் கால்சியம் அசிடேட், தண்ணீர், கரியமில வாயு. முத்து மாலைக்கு எலுமிச்சை, வினிகர், வியர்வை எல்லாமே ஆகாது. சென்ட் அடித்துக்கொண்ட பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி, துணியால் துடைத்து வைக்கிற நகை அது.

முத்து அசலா என்று பார்க்க வினிகர் சோதனை செய்யாதீர்கள். அசலாக இருந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். இரண்டு முத்தை ஒன்றோடொன்று லேசாக உரசினால் அசல் நறநறக்கும், தகடுகளின் விளிம்பு படும். கண்ணாடி மணியோ பிளாஸ்டிக்கோ வழுக்கும். துளை ஓரத்தை லென்ஸில் பார்த்தால் போலியில் பூச்சு உரிந்து நிற்பது பெரும்பாலும் தெரியும்.

ஆகஸ்ட் 14

கடையில் விற்கிற பொடி என்ன? மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடியது, பழைய இஸ்திரிப் பெட்டியில் கம்பிச் சுருளுக்குக் காப்பாக வைத்த தகடு, எல்லாம் அதுதான். வெறும் மைக்காவை நுணுக்கி வார்னிஷில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் மின்னாது, 1.6க்கும் 1.5க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அந்தத் துணுக்கின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பூசுகிறார்கள். 1960களில் வந்த முறை.

இதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. பூச்சு 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி வெள்ளை. 80க்குள் பொன். இன்னும் கொஞ்சம் கூடினால் சிவப்பு, அப்புறம் நீலம், 120ஐத் தாண்டிப் போனால் பச்சை. சாயம் ஒரு துளி கிடையாது. அதே டைட்டானியம் டை ஆக்சைடு ஒழுங்கில்லாத பொடியாக இருந்தால் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட். சிப்பிக்கும் சாக் பவுடருக்கும் உள்ள உறவுதான் இங்கேயும்.

டப்பாவில் வருகிற எல்லா வண்ணமும் இப்படி வந்ததல்ல. பலவற்றில் சாயம் சேர்த்திருப்பார்கள், சில சாயங்கள் வெயிலில் வெளுக்கும். ஒரு சிட்டிகையைக் கறுப்பு அட்டையிலும் வெள்ளை அட்டையிலும் தேய்த்துப் பாருங்கள். கறுப்பில் நீலமாக எரிந்து வெள்ளையில் ஏறக்குறைய மறைந்தால் அது அடுக்கு நிறம். இரண்டிலும் ஒரே நீலமாக இருந்தால் சாயம் கலந்தது. செம்பு, வெண்கல நிறங்கள் இரும்பு ஆக்சைடு பூசியவை, அவை நிலைக்கும்.

மைக்கா எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருவர் கிளறியிருக்கிறார், கிளற வேண்டியதுதான். ஜார்க்கண்ட் சுரங்கங்களில் குழந்தைகள் துணுக்கு பொறுக்குவது பல வருடமாகத் தெரிந்த விஷயம். ஆலையில் உருக்கிச் செய்கிற செயற்கை மைக்கா இப்போது கிடைக்கிறது, வெண்மையும் கூடுதல், விலையும் கூடுதல். நான் வெள்ளி வெள்ளைக்கு அதைத்தான் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 17

"பேர்ல் பவுடரை வெள்ளை போஸ்டர் கலரில் கலந்தேன், மின்னவே இல்லை."

மின்னாது. வெள்ளைப் பெயின்ட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, தகடு திருப்பிய ஒளி அந்தக் கூட்டத்தில் தெரியாது. பொடி எப்போதும் கண்ணாடி போன்ற ஊடகத்தில்தான் போக வேண்டும். நிறம் கீழே, மினுப்பு மேலே, இரண்டும் தனித்தனிப் பூச்சு.

இப்போது என் வேலைமுறை. களிமண் பொம்மையோ காகிதக்கூழோ, சாக் பவுடர் அடித்தளத்தை நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) நன்றாகத் தேய்த்துவிடுவேன். இந்த வேலையில் சோம்பல் பட்டால் மேலே என்ன அடித்தாலும் வீண். மேடு பள்ளத்தில் தகடுகள் ஆளுக்கொரு திசை பார்க்கும். பிறகு அக்ரிலிக் நிறம், இரண்டு கை. நன்றாகக் காய்ந்தபின் தெளிந்த அக்ரிலிக் வார்னிஷில் எடைக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு பொடி, கையால் மெதுவாகக் கிளறி, மெலிதாக அடிப்பேன். மிக்ஸி, கல்வம் எதுவும் கூடாது, தகடு நொறுங்கும். அகலமான மெத்தென்ற தூரிகை, ஒரே திசையில் இழுப்பு. வார்னிஷ் காயும்போது படலம் சுருங்கி மெலிந்து தகடுகளை அமுக்கிப் படுக்க வைக்கும். தடியாக அடித்தால் உள்ளே ஓட்டம் உண்டாகி மேகம் மேகமாகத் திட்டு விழும். மெலிதாக மூன்று கை அடித்ததற்கும் தடியாக ஒரு கை அடித்ததற்கும் சரக்கு ஒன்றுதான் செலவாகும், பார்வையில் ஏணி வைத்தாலும் எட்டாது.

அடி நிறம் பற்றி: பொன் அல்லது நீல அடுக்கு நிறத்தைக் கறுப்பின்மேல் அடித்தால் அந்த நிறம் முழுதாகத் தெரியும். வெள்ளைமேல் அடித்தால் தகடு திருப்பியது நீலம், உள்ளே விட்டது மஞ்சள். அந்த மஞ்சள் வெள்ளையில் பட்டுத் திரும்பி வந்து நீலத்தை அமுக்கும். நேரே பார்த்தால் லேசான நீலம், சாய்த்தால் லேசான மஞ்சள். இதைக் கெட்டுப்போனதாக நினைத்து ஒரு மாணவி துடைத்தே விட்டாள். எனக்கோ முத்துக்கு அதுதான் சரியான வழி என்று படுகிறது. கிருஷ்ணர் உடம்புக்கு மட்டும் கருநீலத்தின்மேல் நீல அடுக்கு அடிப்பேன், திரும்பும்போது தோள் மட்டும் பற்றிக்கொள்ளும்.

பொடியைக் கையாளும்போது மாஸ்க் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கைவினைப் பொடியைக் கேக்கில் தூவ வேண்டாம், உண்ணத்தக்கது தனியாக விற்கிறது.

ஆகஸ்ட் 18

"கல்வம் கூடாது என்கிறீர்கள், சித்த மருந்துக் கடையில் முத்துப் பற்பம் கல்வத்தில்தானே அரைக்கிறார்கள்?" அவர்கள் பளபளப்புக்காக அரைக்கவில்லை.

ஆகஸ்ட் 22

மீன் செதிலில் இருக்கும் குவானின் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

கடல் வாளை, தூத்துக்குடிப் பக்கம் சாவாளை என்பார்கள், அதைக் கழுவியவர்களுக்குத் தெரியும். செதிலே கிடையாது, உடம்பு முழுக்க வெள்ளித்தாள் ஒட்டினாற்போல இருக்கும், விரலால் தேய்த்தால் அந்த வெள்ளி அப்படியே கையோடு வரும். பாத்திரத் தொட்டித் தண்ணீரில் சுழன்று சுழன்று மின்னும். அது குவானின் படிகத் தகடு. நம் மரபணுவில் இருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின். 1.8 என்று எழுதினேனே, வார்னிஷுக்குள் போட்டாலும் மின்னக்கூடிய எண்.

பாரிஸில் 17ஆம் நூற்றாண்டில் ஜாக்கென் என்கிற ஜெபமாலை செய்பவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒருவகை ஆற்று மீனின் செதிலை அலசிய தண்ணீர் மின்னுவதைப் பார்த்து, அந்தச் சாற்றை உள்ளே வெற்றாக ஊதிய கண்ணாடி மணிக்குள் பூசி, மெழுகு ஊற்றி நிரப்பினார் என்று சொல்வார்கள். பிற்பாடு ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கெட்டிக் கண்ணாடி மணியைச் சாற்றில் திரும்பத் திரும்ப முக்கிச் செய்தார்கள், இன்றும் அந்தத் தீவின் பெயரில் போலி முத்து விற்கிறது. நடுவில் ஈயக் கார்பனேட் தகடுகளும் வந்தன, நன்றாக மின்னின, விஷம். பாட்டி காலத்துப் பாசி மாலையைக் குழந்தை வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள். பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு விஷமில்லை, முகப்பவுடரிலும் நகப்பூச்சிலும் உண்டு, ஆனால் வெளிச்சத்தில் கறுக்கும். ஜன்னலோரம் வைக்கிற பொருளுக்கு அது வேண்டாம்.

வீட்டில் வாளையிலிருந்து எடுக்கலாமா? எடுக்கலாம். தெருவே உங்களைத் திட்டும். புரதத்தைச் சுத்தமாக நீக்காவிட்டால் அழுகும், நீக்குவதற்கு ஆலைக் கரைப்பான்கள் வேண்டும். மீனைக் குழம்பு வைத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 29

முதல் நாள் எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். நிறம் எல்லாம் அடுக்கிலிருந்து வருகிறது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். முழுசாக அப்படி இல்லை. 1814 வாக்கில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் சிப்பியை மெழுகில் அழுத்திப் பார்த்தார், சிப்பியின் நிறங்களில் ஒரு பகுதி மெழுகிலும் தெரிந்தது. மெழுகுக்குள் ஏது அரகோனைட்? சிப்பியின் மேற்பரப்பில் தகடுகளின் விளிம்புகள் நுண்ணிய வரிகளாக ஓடுகின்றன, அந்த வரிகளும் ஒளியைப் பிரிக்கின்றன, சிடியின் பின்பக்கம் போல. வரி பதிந்தால் அந்த நிறமும் பதியும்.

கறுப்பு மெழுகில் நீங்களே அழுத்திப் பார்க்கலாம். விளக்குக்கு நேராகச் சாய்த்தால் மங்கலாக ஒரு நிறக்கோடு ஓடும். ஆனால் உள்ளிருந்து வருகிற அந்தப் பால் மினுப்பு வராது. அது அடுக்கின் வேலையேதான்.

செப்டம்பர் 3

இன்னொரு மறுயோசனை. கடைசியில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடிக்கச் சொல்லி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் கூடவே கூடாது என்பதில் மாற்றமில்லை, அதில் இருக்கிற சிலிக்கா தூள் ஒளியைச் சிதறடித்துப் பட்ட பாட்டை வீணாக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி தடித்த கிளாஸும் முத்தைப் பிளாஸ்டிக்காக்குகிறது. அசல் முத்தில் மேற்பரப்பின் பளபளப்பு ஒன்று, உள்ளிருந்து வருகிற மினுப்பு ஒன்று, இரண்டாவதுதான் தூக்கலாகத் தெரிய வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்கள், கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கல்லால் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அது பளபளப்பு. அதை யாரும் முத்து என்று சொல்வதில்லை.

இப்போது நான் செய்வது: பொடிப் பூச்சு, வெறும் வார்னிஷ், மறுபடி பொடிப் பூச்சு, கடைசியில் ஒரு கை செமி கிளாஸ். பொடியும் நைஸ் ரகம், 25 மைக்ரானுக்குள். பெரிய துணுக்கு ரகம் சேலை ஜரிகைக்கும் கிரீடத்துக்கும். முகத்துக்கு அடித்தால் வியர்த்தது மாதிரி இருக்கும்.

செப்டம்பர் 5

ரெசினில் சுழி சுழியாக வருகிறது, சமமாக வரவில்லை என்பவருக்கு: ரெசின் என்பது அச்சில் ஊற்றி இறுக விடுகிற பிசின், அது வார்னிஷ் மாதிரி வற்றுவதில்லை, அதனால் தகடுகளை அமுக்கிப் படுக்க வைக்க ஒன்றும் இல்லை. இறுகும்போது வருகிற சூட்டில் உள்ளே ஓட்டம் வேறு. தேன் பதத்துக்கு வந்தபின் ஊற்றினால் சுழி குறையும், தகடு அடியில் போய் உட்காருவதும் குறையும். சமமாகவே வேண்டுமென்றால் காலியான அச்சின் உள்சுவரில் காய்ந்த பொடியைத் தூரிகையால் தேய்த்துவிட்டு மேலே ரெசின் ஊற்றுங்கள். தகடுகள் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கும். எனக்குச் சுழி பிடிக்கும், அது வேறு.

செப்டம்பர் 8

"என்ன செய்தாலும் அசலுக்கு ஈடாகாது" என்று ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். அசல் என்பது எது? இன்று கடையில் அசல் என்று விற்கிற உருண்டைக் கடல்முத்துகள் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் 1961க்குப் பிறகு நின்றுபோனது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்துச்சிப்பிக்குள் சிப்பி ஓட்டில் கடைந்த மணியை வைத்து இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை எடுத்தார்கள். உள்ளே மணி, மேலே பூச்சு. பூச்சு அரை மில்லிமீட்டர் இருந்தால், அரை மைக்ரான் தகடு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கை. நாம் மூன்று நான்கு கை அடிக்கிறோம். எண்ணிக்கையில்தான் தோற்கிறோம், முறையில் இல்லை.

செப்டம்பர் 11

முதலில் கேட்டவரே திரும்பி வந்து "அப்போது அந்தப் பை சிப்பியை என்ன செய்வது?" என்கிறார்.

அரைக்காதீர்கள், பிளந்து பயன்படுத்துங்கள். உள்பூச்சை மெலிதாக அறுத்துப் பதிப்பது பழைய கலை. கொரியாவிலும் ஜப்பானிலும் அரக்குப் பெட்டியில் பதிப்பார்கள். குஜராத்தில் சிப்பித் தகடு போர்த்திய பேழைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போயின. நமக்கு அவ்வளவு வேண்டாம். துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டினால் சில்லு வரும். மினுப்புள்ள சில்லாகப் பொறுக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மெலிதாக்குங்கள். உலர் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், நனைக்காமல் தேய்க்கவே கூடாது. பின்பக்கம் கறுப்பு அடித்து ஒட்டினால் நிறம் இரண்டு மடங்கு எழும்பும். அம்மன் பொம்மைக்கு மூக்குத்தி, பதக்கம், பீடத்தில் ஒரு வரி, போதும்.

செப்டம்பர் 19

ட்யூப்லைட் வெளிச்சத்தில் முத்துப் பூச்சு செத்துத் தெரியும், எல்லாப் பக்கமிருந்தும் ஒளி வருவதால். கொலுப் படிக்கட்டின் ஒரு பக்கத்திலிருந்து சின்ன ஸ்பாட் விளக்கு ஒன்று வையுங்கள். சீரியல் பல்பும் பரவாயில்லை, கலர் கலராக வேண்டாம்.

அக்டோபர் 7

கொலு பிரிக்கிறவர்களுக்கு. அக்ரிலிக் பூச்சு கையில் ஒட்டாவிட்டாலும் வெயிலில் இளகும், பிளாஸ்டிக் கவரோடும் செய்தித்தாளோடும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது முத்தோடு தலைப்புச் செய்தியும் வரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள், பரணில் ஓட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பொடி டப்பாக்களின் மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், ஈரம் பட்டால் கட்டி கட்டும், கட்டியை உடைக்கப் போய்த் தகடும் உடையும்.